தோத்திரமும் பிடியரிசியும்

விளாத்திகுளம் என்ற பெயரைக் கேட்டவுடன் சங்கீத ரசிகர்களுக்கு நல்லப்ப சுவாமிகளின் ராக ஆலாபனையும், பலசரக்கு வியாபாரிகளுக்கு மிளகாய் வற்றலும் நினைவுக்கு வருவது இயல்பே. எனக்கு நினைவுக்கு வருவதோ, பல ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க் கடைவீதியில் ஒரு காலைப் பொழுதில் காதில் விழுந்த ஒற்றைச் சொல். வேம்பார்ப் பக்கத்திலிருந்து பனையோலைக் கடகத்தில் கருவாடு கொண்டுவந்திருந்த கடற்கரைப் பெண் ஒருத்தியும், நாகலாபுரத்துப் பக்கத்துக் கரிசற்காட்டுப் பெண் ஒருத்தியும் கால்மணி நேரம் விலை பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிடச் சண்டையிட்டார்கள் என்பதே பொருந்தும். நெத்திலி பொடிந்திருக்கிறது, வாளையில் மணல் ஒட்டியிருக்கிறது, தராசுத்தட்டு ஒரு பக்கம் சாய்கிறது என்று வழக்கு வளர்ந்து, ஒருவாறு பேரம் முடிந்து காசு கைமாறியபின், வாங்கியவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "தோத்திரம், அக்கா" என்றாள். விற்றவளும் காசை இடுப்பிற் செருகியவாறே, "தோத்திரம்" என்றாள். விற்றவள் கழுத்திலே மாதா உத்தரியம் கிடந்தது. வாங்கியவள் பேச்சிலே உபதேசியாரும் அசனப் பண்டிகையும் வந்தபடியால் அவள் புரொட்டஸ்டண்டு சபையாள் என்று விளங்கிற்று. மேனாட்டிலே முப்பதாண்டு யுத்தத்துக்குக் காரணமாயிருந்த ஒரு பிரிவினை, இங்கே கருவாட்டுக் கடகத்தின்மேல் ஒரே சொல்லிலே தணிந்து நின்றதைக் கண்டு நான் வியந்தேன்.

ஸ்தோத்திரம் என்னும் வடசொல்லுக்குத் துதி என்பதே நேர்ப்பொருள். தமிழ்க் கிறிஸ்தவர் நாவிலே அது முதலெழுத்தை இழந்து தோத்திரமாகி, துதி, நன்றி, முகமன் ஆகிய மூன்று பொருளையும் ஒருங்கே சுமக்கலாயிற்று. குருவானவரைக் கண்டால் கத்தோலிக்கர் "தோத்திரம், சாமி" என்பார்கள். ஐயரைக் கண்டால் சீர்திருத்த சபையார் "ஸ்தோத்திரம், ஐயா" என்பார்கள். ஐரோப்பாவிலும் இதற்கு இனமான வழக்கம் உண்டு. இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ் என்று ஒருவருக்கொருவர் முகமன் கூறிக்கொள்வோருக்கு 1587-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஞானப்பலன் அளித்தார். ஆயினும் புகழ் என்று பொருள்படும் சொல்லே நன்றிக்கும் நின்றதற்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டபோது, நன்றி என்பது பிறர் செய்த நன்மை; அதனை அறிந்து மறவாதிருத்தலே பெற்றவன் கடமை. வாய்திறந்து நன்றி என்று சொல்லி அக்கடமையை அப்போதே தீர்த்துக்கொள்ளும் சம்பிரதாயம் நம் கிராமங்களுக்குப் பழக்கமானதன்று; தாகத்துக்கு மோர் கொடுத்த கிழவியிடம் நன்றி என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ தவறு செய்துவிட்டவள்போல அவள் விழிப்பாள். மனத்துக்குள்ளே கிடக்கவேண்டிய இந்த அறிவை நாள்தோறும், குறித்த வேளையில், உரத்த குரலில், கூட்டமாகச் சொல்லவேண்டும் என்று ஒரு மதம் வந்து கேட்டபோது, அதற்கு வேறொரு சொல் வேண்டியிருந்தது.

அம்மதம் வந்த வழியைச் சொல்லுமுன் நிலத்தின் சுபாவத்தைச் சிறிது சொல்லவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலே பிறந்து, சாத்தூரைத் தொட்டு, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் வைப்பாறு, விளாத்திகுளத்தைக் கடந்து கீழே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஊருக்கு மேற்கே வானத்தை நம்பிய கரிசல். கிழக்கே, ஒரு பகல் மாட்டுவண்டிப் பயணத்துக்குள், கடல். முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய துறைகள் என்று பழைய சேசுசபைக் கடிதங்கள் எண்ணுகிற வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகியவற்றுள் முதலிரண்டும் இன்று விளாத்திகுளம் தாலுகாவைச் சேர்ந்தவை. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் கரிசற்காட்டான் கைகூப்புகிறான். அதே மழை தூத்துக்குடி முதல் வேம்பார் வரை கடலோரம் பரந்து கிடக்கும் உப்பளங்களைக் கரைத்து, பாத்தி மிதிக்கும் கூலிக்காரனின் அடுப்பை அணைக்கிறது. அந்நாளில் எழும் வாடைக் காற்றோ மீன்பிடிக்கிறவனைக் கரையிலே கட்டிப்போடுகிறது. ஒருவனுடைய ஸ்தோத்திரம் மற்றொருவனுடைய பெருமூச்சாக இருக்கும் இப்படிப்பட்ட பூமியிலே, கிடைத்த லாபத்துக்கு மட்டும் நன்றி சொல்வதென்றால் அண்டை வீட்டான் முகத்தில் விழிக்க முடியாது. எல்லா நிலையிலும் நன்றி செலுத்துங்கள் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய புத்திமதி, பிரசங்க மேடையில் கேட்கும்போது எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். இந்தக் கரையிலோ அது வேறு வழியில்லாத உலகியல்.

பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கதை யாவரும் அறிந்ததே. முத்துச்சலாபத்தின் உரிமைக்காக நேர்ந்த பகையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளிலே கடற்கரை ஊர்கள் ஒட்டுமொத்தமாக மதம் மாறின; தலையில் தண்ணீர் விழுந்ததே ஒழியச் செவியில் உபதேசம் விழவில்லை. 1542-இன் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாத மக்களையே கண்டார். அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்துப் பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துச் சென்று, நாளுக்கு இருவேளை பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார் என்பதை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய கடிதத்தால் அறிகிறோம். அடுத்த ஊருக்குப் புறப்படுமுன் செபங்களின் பிரதி ஒன்றை விட்டுச்சென்று, எழுதத் தெரிந்தவர்கள் அதனைப் பார்த்தெழுதி, நெட்டுருப் பண்ணி, தினந்தோறும் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டார்.

அந்தத் தினந்தோறும் என்ற ஏற்பாட்டிலேதான் சவேரியாரின் மதிநுட்பம் இருந்தது. பொருள் விளங்கிப் பக்தி பிறந்தபின் செபம் சொல்லலாம் என்று காத்திருந்தால் கடல் வற்றிவிடும். முதலில் நாவுக்கும் நேரத்துக்கும் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டு, மனம் பின்னால் வந்து சேரட்டும் என்று விட்டார். இது கண்டிப்பு இல்லாமல் நடந்ததாகவும் எண்ணவேண்டா. குடிக்கும் பெண்களுக்கு அபராதம் விதிக்கச் சொல்லித் தம் சகாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. செபத்தை நடத்த ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையார் ஆண்டுதோறும் செலுத்திவந்த 4,000 பணத்தை இக்கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார் என்றும், அரசியை மோட்சத்துக்கு ஏற்றிச்செல்ல இப்பிள்ளைகளைவிடச் சிறந்த பாதரட்சை கிடையாது என்று சமாதானம் சொன்னார் என்றும் அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். வரவு செலவு எழுதுகிறவன் பெயர் செபம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு வாய்த்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாயிருக்கும். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அது அத்தனை பொருத்தமில்லாத பெயருமன்று.

1546-இல் இந்தியா வந்து, புன்னைக்காயலைத் தலைமையிடமாகக் கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் உழைத்து, 1600-இல் மறைந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் அப்பழக்கத்துக்கு எழுத்துருவம் கொடுத்தார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதியிட்டுக் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கமே கொண்ட சிறு புத்தகம்; தமிழ் எழுத்தில் அச்சேறியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பனவற்றில் முதலாவது. அடுத்த ஆண்டிலே கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், 1586-இல் அடியார் வரலாறு என்று வரிசை தொடர்ந்தது. அவ்வச்சுவேலைக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சை அடக்கிக் கல்லைக் காலில் கட்டிக் கடலடியில் இறங்கி எடுத்த சிப்பியின் வருவாயில் ஒரு பகுதி, காலையும் மாலையும் கடவுளை வணங்கும் சொற்களை அச்சிடுவதற்குப் போயிற்று என்பது தமிழ்ப் புத்தகத்தின் சரித்திரத்தில் அழுத்திச் சொல்லத்தக்க செய்தி. நாம் அதனை அவ்வளவாகச் சொல்வதில்லை.

பழக்கத்துக்குச் சோதனை வந்தது 1658-இல். ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், குருமார்கள் துரத்தப்பட்டார்கள், பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முயன்று தோற்றார். பிறகு 1773-இல் சேசுசபையே கலைக்கப்பட, குருவின் முகத்தைக் காணாமலே ஆண்டுகள் கழிந்த ஊர்கள் பல. பூசை இல்லாத அந்நாட்களிலே சமயத்தைக் காப்பாற்றியது வீட்டு முற்றம். அந்தி மணி அடித்ததும் செய்த வேலையை அப்படியே நிறுத்தி, வலை பின்னுகிறவன் ஊசியைச் செருகிவைத்து, அடுப்பின் முன்னிருப்பவள் அகப்பையைச் சாய்த்துவைத்து, திரிகால செபம் சொல்வதும், விளக்கேற்றியபின் வீட்டிலே மூத்த பெண்பிள்ளை முன்னின்று செபமாலை தொடங்குவதும், முடிவில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரியவர்களிடம் வந்து தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை பெற்றுக்கொண்டு உறங்கப் போவதும் வேதசாஸ்திரம் கற்றோர் எவரும் மேற்பார்வை செய்யாமலே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. கடைசிப் பிள்ளை பாதித் தூக்கத்தில் சொல்லும் தோத்திரமும் கணக்கில் சேர்ந்தது.

உள்நாட்டிலே மதுரை மிஷன் பரவிய வரலாறு வேறு. வீரமாமுனிவர் தம் தமிழகத் தொண்டின் தொடக்க நாட்களைக் கழித்த காமநாயக்கன்பட்டி கோவிற்பட்டிக்கு அருகில் இருக்கிறது. அவர் 1727-இல் இயற்றிய வேதியர் ஒழுக்கம், கணக்கப்பிள்ளையின் வழித்தோன்றலான உபதேசியாருக்கு எழுதிய வசன நூல். அவ்வளவு சொல்லி மேலே செல்கிறேன். ஏனெனில் விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசற்காட்டிலே அன்றாடத் தோத்திரம் ஒரு புதிய அங்கத்தைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் காலத்திலே திருநெல்வேலிச் சபைகள் பெருகின. 1830-இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், ஊரைவிட்டு விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்காகச் சபையாரிடமே பணம் சேர்த்தது. சீமைப் பணத்தை எதிர்பார்க்காமல் தாமே கொடுக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றிற்று. நாகலாபுரம் பின்னாளில் எஸ்.பி.ஜி. மிஷனின் ஒரு நிலையமாயிற்று. அதன்பின் வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். 1876-இலும் 1877-இலும் கரிசல் பிளந்து, கம்பும் சோளமும் கருகி, மாடுகள் மடிந்து, ஜனங்கள் கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். பஞ்ச நிவாரணம் செய்தவர்களிலே மிஷனரிமாரும் இருந்தார்கள். பஞ்சத்தை அடுத்துப் பதினாயிரக்கணக்கானோர் கால்டுவெல் அத்தியட்சரின் சபைகளை நாடி வந்தார்கள். வயிற்றுக்காக வந்தவர்கள் என்று அன்றே ஏளனம் செய்தோர் உண்டு. அந்த ஏளனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வயிற்றுக்காக வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் எப்படி வயிற்றிலிருந்து ஒரு பிடியை எடுத்துவைக்கக் கற்றார்கள் என்பதை ஏளனக்காரர்கள் விசாரிக்கவில்லை.

பிடியரிசி என்பது அதுவே. சோற்றுக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டியபின், உலையில் இடுமுன், வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மூலையிலுள்ள சிறு பானையிலே போடுவாள். அதிகப்படியாக அளப்பதில்லை; அளந்ததிலிருந்தே எடுக்கவேண்டும் என்பது விதி; ஆகவே அன்றைச் சோற்றில் ஒரு பிடி குறையும். கம்பு குத்தும் நாளில் கம்பு. வாரக் கடைசியிலே பானை கோயிலுக்குப் போகும். அல்லது உபதேசியார் மனைவி ஒரு சாக்கோடு வீடுவீடாக வருவாள். சேர்ந்த தானியம் விற்கப்பட்டு, உபதேசியார் சம்பளத்துக்கும், ஆதரவற்ற கிழங்கட்டைகளுக்கும், வேறு மாகாணத்துக்குச் சென்ற ஊழியர்களுக்கும் செலவாயிற்று. வெள்ளாளன்விளையிலே 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதற்கு முன்னின்றவர். இந்தியருடைய பணத்தாலும் இந்தியருடைய உழைப்பாலுமே நடைபெற வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சரானபின், தெலுங்கு நாட்டிலே பரம ஏழைகளான தம் சபையாருக்கும் இக்கைப்பிடியைக் கற்பித்தார். மிசோ மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்களும் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, யாரிடமிருந்து யார் கற்றார் என்று ஆராய்வது வீண். உண்ணுமுன் ஒரு பிடி பிறர்க்கென்று எடுத்துவைப்பது தமிழ்நாட்டிலே சைவ மடங்களுக்கும் வைஷ்ணவ வீடுகளுக்கும் தெரிந்த தர்மம். காஞ்சிப் பெரியவர் அதே பிடியரிசியை ஓர் இயக்கமாகவே நடத்தினார். மிஷனரிகள் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. அடுப்படியில் ஏற்கெனவே இருந்த கையை ஆலயத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

இன்னொரு பழக்கம் ஸ்தோத்திரக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பட்டியல் வாசிக்கப்படும். காய்ச்சல் நீங்கினதற்காக, மகள் சுகமாய்ப் பிரசவித்ததற்காக, தொலைந்துபோன காளை திரும்பி வந்ததற்காக, கிணற்றில் ஊற்றுக் கண்டதற்காக, மகன் பத்தாம் வகுப்பில் தேறினதற்காக, தேறாவிட்டாலும் வீட்டைவிட்டு ஓடிப்போகாமல் இருந்ததற்காக என்று உபதேசியார் ஒரே தொனியில் வாசித்துக்கொண்டே போவார். பெரிய தத்துவங்களுக்கு அதில் இடமில்லை. ஓர் ஊரின் ஓராண்டுப் பட்டியலை யாராவது பாதுகாத்து வைத்திருந்தால், கலெக்டர் ஆபீஸ் கெஜட்டியரில் காணமுடியாத சரித்திரம் அதிலே கிடைக்கும். கணக்கப்பிள்ளை என்ற பெயர் பொருத்தமில்லாதது அன்று என்று மேலே சொன்னேனே, இதை எண்ணித்தான் சொன்னேன். அறுப்பின் பண்டிகையிலோ பொருள்களே வரும்: பூசணிக்காய், மிளகாய் வற்றல், கொத்தமல்லி, கருப்பட்டிக் கொட்டான், காலைக் கட்டிய சேவல், ஒரு குழந்தை கொண்டுவந்த ஒற்றை முட்டை. ஆராதனை முடிந்தபின் ஏலம். அந்த முட்டை பத்து முட்டையின் விலைக்குப் போகும். எடுத்தவர் அதனை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிட, இரண்டாம் முறையும் ஏலம் விடுவார்கள்.

எல்லாம் இவ்வளவு இனிமையாகவே நடந்தன என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. கடற்கரை ஊர்களிலே பிடித்த மீனில் கோயிலுக்கென்று ஒரு பங்கு உண்டு. மனமுவந்து கொடுத்ததாகத் தொடங்கியிருக்கவேண்டிய அப்பங்கு நாளடைவில் வரியாயிற்று. வரியானதும் அதனை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் கரையில் நின்றுகொண்டு, கட்டுமரம் வந்து தட்டியதும் நல்ல மீனாகப் பொறுக்கி எடுக்கலானான். ஐந்து நாள் வெறும் வலையோடு வந்தவன் ஆறாம் நாள் கொண்டுவந்த மீனில் அவன் கைவைக்கும்போது தோத்திரம் எப்படி வரும்? இதன் பொருட்டு வழக்கும் அடிதடியும் நேர்ந்த ஊர்கள் உண்டு. பிடியரிசிப் பானைக்கு அந்தக் கதி நேராமற்போனதற்குக் காரணம், அது யாரும் எட்டிப் பார்க்காத அடுப்படி மூலையிலே இருந்ததுதான் என்று நினைக்கிறேன். ஒரு பிடியா, அரைப் பிடியா என்று அளந்து பார்க்க எந்த மூப்பனும் அங்கே வரவில்லை.

முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்து, அதனோடு நின்றுபோயிற்று. கரிசலில் பருத்தியும் கம்பும் சுருங்கிச் சீமைக் கருவேலம் பரவி, விளாத்திகுளத்தைச் சுற்றிக் கரிமூட்டப் புகை எழுகிறது. பிடியரிசிக்குப் பதிலாகக் கவரில் பணம் போடுவது எளிது என்று பல சபைகள் தீர்மானித்துவிட்டன. வேம்பாரிலே அந்தி மணி இன்னும் அடிக்கிறது. அதே வேளையில் தொலைக்காட்சித் தொடரும் தொடங்குகிறது என்று ஒரு பெரியவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சென்ற ஆண்டு நாகலாபுரம் சாலையிலே ஒரு சிற்றூரில், கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகும் ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கி அமர்ந்திருந்தேன். உள்ளே அவள் ரேஷன் அரிசியை முறத்திலிட்டுக் கல் பொறுக்கினாள். பொறுக்கி முடித்தபின் ஒரு பிடி அள்ளி, மூடி இல்லாத பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றிலே போட்டு, உதடுகள் அசைய ஏதோ சொல்லிவிட்டு, மீதியை உலையில் இட்டாள். அரிசியே இல்லாத நாட்களும் உண்டல்லவா, அன்றைக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"வெறும் மொறத்துல கையப் போட்டு அள்ளுன மாதிரி அள்ளி, பாட்டில்ல போட்ட மாதிரி போட்டுருவேன், ஐயா. வழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா?"

சொல்லிக்கொண்டே, ஈர விறகு புகைந்த அடுப்பை ஊதக் குனிந்தாள்.